சீப்புக்காரி பாட்டுல நாலாவது வரி

ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற அந்த லாண்டரில, கிழிசல் தைக்கிற மேஜை ஜன்னலோரமா இருக்கு. அந்த மேஜையில உக்காந்து இருபத்தாறு வருஷமா விரிப்பு, தலகாணி உறை, டாக்டர் கோட்டுன்னு தைச்சுக்கிட்டு இருக்கிறவளை எல்லாரும் ஊசியக்கான்னு கூப்பிடுவாங்க. கையில இருக்குற ஊசிக்காக வந்த பேரா, வாயில இருக்குற ஊசிக்காக வந்த பேரான்னு கேட்டா, ரெண்டுக்கும்தான்னு சிரிப்பாங்க.

அன்னிக்குக் காலையில ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்துல கேமரா, தோள்ல பை, கையில ரெக்கார்டர். பச்சைப் பச்சையா இருக்குற பழைய பாட்டுங்களை ஊர் ஊராத் தேடிச் சேர்த்து புஸ்தகம் போடுறாராம். வந்த பத்து நிமிஷத்துல அவருக்கு ரெக்கார்டர் சார்னு பேர் வச்சாச்சு.

"அக்கா, இந்த ஹாலை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். எங்க புஸ்தகத்துல முக்கியமான பாட்டு இங்கதான் பொறந்திருக்கு."

"இங்க பொறக்குறதெல்லாம் அழுக்குத் தண்ணிதான் சார். என்ன பாட்டு?"

அவர் சந்தோஷமா ரெக்கார்டரைத் தட்டினார். ஒரு வயசான ஆம்பளைக் குரல், தொண்டையைச் செருமிட்டுப் பாடுச்சு.

*மீசைய முறுக்கிக்கிட்டு மெத்தைக்கு வந்தவன்*
*பெல்ட்டைக் கழட்டுமுன்னே பெருமூச்சு விட்டவன்*
*கொண்டாந்த சாமானு கொசுவுக்கும் காணாது...*

குரல் ஒரு மூச்சு நின்னுச்சு. அப்புறம்,

*சீப்புக்காரி கட்டிலுக்கு ஷிப்டு மூணும் ஆளு வரும்!*

இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தவங்க கை நின்னுருச்சு. ஒருத்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ரெக்கார்டர் சாருக்கு எதுவும் புரியல.

"சீப்புக்காரின்னு ஒரு அம்மா நிஜமாவே இங்க வேலை பார்த்திருக்காங்க அக்கா. தலையில எப்பவும் ஒரு சீப்பைச் சொருகியிருப்பாங்களாம். நடத்தை கொஞ்சம் அப்படி இப்படின்னு ஸ்டியரிங் மாமா சொன்னார். இங்க லாரி ஓட்டினவர்தான். பாட்டைக் கட்டினதே டிரைவருங்கதானாம். அடிக்குறிப்புல எல்லாத்தையும் விவரமாப் போட்டிருக்கேன். திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

ஊசியக்கா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. எழுந்திரிச்சா.

"அந்த சீப்புக்காரி இன்னும் உசுரோட இருக்கா சார். காலையில நான்தான் அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு வந்தேன். என்னைப் பெத்தவ."

அவர் முகத்துல ரத்தம் இல்ல. ஏதோ மன்னிப்புன்னு ஆரம்பிச்சார். ஊசியக்கா காது குடுத்துக் கேக்கல. கத்தரிக்கோலை மேஜையில அடிச்ச அடியில பட்டன் டப்பா கவிழ்ந்து, பட்டனெல்லாம் ஹால் பூரா ஓடுச்சு.

அந்தப் பாட்டு அவளைத் துரத்தினது இன்னிக்கு நேத்திக்கு இல்ல. பள்ளிக்கூடத்துல பின்னாடி பெஞ்சுல பாடுவானுங்க. ஷிப்டு மூணும்னு ஒருத்தன் சொன்னாப் போதும், வகுப்பே சிரிக்கும். கல்யாணமாகி ஆறாவது மாசம், புருஷன் ஷேவ் பண்ணிக்கிட்டே எங்கயோ கேட்ட பாட்டுன்னு தெரியாத்தனமா முணுமுணுத்தான். சோப்பு நுரையோட அவனை வாசலுக்குத் துரத்தினா. இன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷன் வீட்டுல சாமி பாட்டுகூடப் பாடுறதில்ல.

ஊர் வாயில இருந்தவரைக்கும் ஒரு மாதிரி. இனிமே புஸ்தகத்துல இருக்கும். அம்மா செத்ததுக்கப்புறமும் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவ சாப்பிடல. நேரா லாரி ஷெட்டுக்குப் போனா. ரிட்டயர் ஆன டிரைவருங்க மத்தியானமானா அங்கதான் சீட்டு ஆடுவாங்க. ஸ்டியரிங் மாமா நடுவுல உக்காந்திருந்தார். எண்பதைத் தொடுற வயசு, ஆனா மீசைக்கு மட்டும் கறுப்பு மை அடிச்சிருந்தார்.

"மாமா, பாட்டெல்லாம் ஜோரா பாடியிருக்கீங்க போல?"

"அட, ஊசியா! உக்காரும்மா. என் குரலு புஸ்தகத்தோட சிடியில வருதாம். வயசான காலத்துல ஒரு பேரு."

"உங்களுக்குப் பேரு. எங்கம்மாவுக்கு?"

சீட்டு ஆடினவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மாமா சிரிச்சு மழுப்பினார்.

"அது சும்மா தமாஷும்மா. அந்தக் காலத்துல வேற என்ன பொழுதுபோக்கு? யாரும் தப்பா நினைச்சதில்ல."

"நாங்க நினைச்சோம். யாரு கட்டினது அந்தப் பாட்டை?"

"நாங்கதான். டிரைவருங்க."

"நாங்கதான்னா யாரு? ஆளைச் சொல்லுங்க. கொசுவுக்கும் காணாதுன்னு தன் சாமானையே பாட்டுக் கட்டிப் பாடுற அளவுக்கு எந்த டிரைவருக்கு மாமா அவ்வளவு தன்னடக்கம்?"

ஒருத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியாம இருமல் வந்துருச்சு. மாமாவுக்கு ரோஷம் வந்துருச்சு.

"சரி, முதல் மூணு வரி உங்க பொம்பளைங்க பாடுறதுதான். மூட்டை ஏத்த ஜன்னல் பக்கம் நிப்போம்ல, உள்ளேயிருந்து கேக்கும். மூணு வரி கத்திப் பாடுவாளுங்க, அப்புறம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரே சிரிப்பு. உங்கம்மா சிரிப்புதான் எல்லாத்துக்கும் மேல கேக்கும். பாட்டு அரைகுறையா நிக்குதேன்னு நாலாவது வரியை நாங்க போட்டு முடிச்சோம். அம்புட்டுதான்."

"சிரிச்சதுக்கா?"

"என்ன?"

"சிரிச்சதுக்கா மாமா அவ கட்டிலை இழுத்து நடுத்தெருவுல போட்டீங்க?"

அவர் கையில இருந்த சீட்டைப் பார்த்துக்கிட்டு, "உன் ஆட்டம்டா"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுட்டு ரெக்கார்டர் சார் ரூமுக்குப் போனா. மூணாவது மாடி. சுவர் பூரா அட்டைப்பெட்டி, மேஜை பூரா அச்சுத்தாள். அவளைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்துல டீ கொட்டிருச்சு.

"அக்கா, நான் ராத்திரி பூரா தூங்கல."

"நான் நாப்பது வருஷமாத் தூங்கல. டிரைவரே ஒத்துக்கிட்டார். முதல் மூணு வரி பொம்பளைங்களோடது. நாலாவதை இவங்க ஒட்டவச்சிருக்காங்க. எடுங்க அதை."

அவர் தயங்கினார். "அவர் என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னார்... அக்கா, நீங்களே கேளுங்க. இந்த லாண்டரி லாரி போன வழியெல்லாம், ஒன்பது ஊர்ல, இது எனக்குக் கிடைச்சிருக்கு. நான் எதையும் கண்ணை மூடிக்கிட்டுப் போடல."

ஒண்ணொண்ணாப் போட்டுக் காட்டினார். மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவங்க பாடுறாங்க, மூணு வரி அப்படியே, நாலாவது வரியில 'தராசுக்காரி கட்டிலுக்கு.' காலேஜ் ஹாஸ்டல் பசங்க, 'வார்டனம்மா கட்டிலுக்கு.' ரயில்ல பொருள் விக்கிறவர், 'டிக்கெட்டுக்காரி கட்டிலுக்கு.' எங்க போனாலும் முதல் மூணு வரியில அந்த முறுக்கு மீசைக்காரன்தான் மானம் போய் நிக்கிறான். நாலாவது வரி வந்ததும் அவன் தப்பிச்சு ஓடிடுறான், பக்கத்துல எவ இருக்காளோ அவ மாட்டிக்கிறா. ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தி. ஊசியக்காவுக்கு நெத்தி நரம்பு புடைச்சுது. தன் அம்மா ஒருத்தின்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. இங்க ஒரு வரிசையே நிக்குது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல. எல்லாத்துலயும் மூணாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருது. தாளத்துக்கு அது தேவையே இல்ல. அளந்து பார்த்தேன், எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். ஊசியக்கா கண்ணை மூடிக் கேட்டா. முதல் வரியில அவ கை ரெண்டும் தானா விரிஞ்சுது. ரெண்டாவது வரியில ஒரு கை இன்னொரு கையோட சேர்ந்துச்சு. மூணாவது வரியில மறுபடியும் சேர்ந்துச்சு. அப்புறம் அந்த இடைவெளி. அவளுக்கே தெரியாம ரெண்டு அடி முன்னாடி நடந்திருந்தா. மேஜை இடிச்சுது.

"அக்கா? என்னாச்சு?"

அவ தன் கையையே பார்த்தா. இப்ப லாண்டரில விரிப்பை மடிக்கிறது மெஷின். ஆனா மெஷின் படுத்துக்கிச்சுன்னா ரெண்டு ரெண்டு பேரா நின்னு கையாலதான் மடிக்கணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு விறைப்பா இழுக்கணும். நீளவாக்குல ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. அப்புறம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் நடந்து வந்து முனையோட முனை சேர்க்கணும். சேர்க்குறப்ப மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நிப்பாங்க.

அந்த இடைவெளி, நடக்குற நேரம்.

"தம்பி," அவ சார்ங்கறதை விட்டுட்டா. "திங்கக்கிழமை வரைக்கும் அந்தத் தாள் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தப்ப அம்மா கட்டில்ல உக்காந்து ரேடியோவைத் திட்டிக்கிட்டு இருந்தா. எழுபத்தாறு வயசு. முடி கொட்டிப் போச்சு, சொருக சீப்பும் இல்ல. ஊசியக்கா பீரோவிலேர்ந்து ஒரு விரிப்பை உருவி, ஒரு முனையை அம்மா மடியில போட்டா.

"எந்திரி. மடிக்கலாம்."

"மடிச்சு வச்சதை எதுக்குடி மறுபடி மடிக்கிற? கிறுக்கா?"

"மீசைய முறுக்கிக்கிட்டு மெத்தைக்கு வந்தவன்."

அம்மா ரேடியோவை அணைச்சா. அவ மக வாயிலேர்ந்து அந்தப் பாட்டு வந்ததே கிடையாது. அப்புறம் கட்டில் சட்டத்தைப் பிடிச்சு எழுந்திரிச்சு, விரிப்போட முனையைப் பிடிச்சு, இந்த வயசுல எங்கேருந்து வந்துச்சோ தெரியல, சுளீர்னு ஒரு இழு இழுத்தா. ஊசியக்கா விழப் பார்த்தா.

"பிடிக்கத் தெரியுதா பாரு. இருபத்தாறு வருஷம் என்னத்தைக் கிழிச்சியோ."

ரெண்டு பேரும் பாடினாங்க. இழுத்தாங்க, மடிச்சாங்க, மடிச்சாங்க. அந்த இடைவெளியில நடந்து வந்தாங்க. முனையோட முனை சேர்ந்தப்ப, அம்மா உதடு அசையுதா இல்லையான்னு தெரியாத மாதிரி மக காதுல சொன்னா.

*"ஸ்டியரிங் வரான்டி, பின்பக்கம் பாத்துக்கோ."*

ஊசியக்கா விரிப்பை விடல. விட முடியல.

"ஸ்டியரிங் மாமாவா?"

"அந்த வாரம் அவன். அதுக்கு முந்தின வாரம் பாய்லர்காரன். ஒரு வருஷம் பூரா அந்த மேனேஜர், கண்ணாடி போட்ட நாயி. எவன் கை நீளுதோ அவன் பேரு. புதுசா ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தா முதல் நாளே மடிக்க நிறுத்திருவோம். நாலு விரிப்பு மடிக்கிறதுக்குள்ள எவன் பக்கம் தனியாப் போகக் கூடாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அவனுங்க ஜன்னலுக்கு வெளியதான் நிப்பானுங்க. மூணு வரி கேக்கும். நாலாவது கேக்காது."

"அப்ப அவனுங்க உன் பேரைப் போட்டுப் பாடினப்ப நீ ஏன் சும்மா இருந்தே?"

"என்ன பண்ணச் சொல்றே? அது இல்லடா நாலாவது வரி, இதுதான்டான்னு சொல்லணுமா? சொன்னா அன்னியோட பாட்டு செத்துச்சு. மறுநாள் மடிக்கிறப்ப மேனேஜர் பக்கத்துல வந்து நிப்பான். அப்புறம் சேர்றவளுக்கு யாரு சொல்லுவா? எல்லாரும் கூடித்தான் பேசினோம். பாடிட்டுப் போறானுங்கன்னு விட்டோம். என் பேருதானே. தேயவா போகுது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!" ஊசியக்கா கத்தினா. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு. "நாப்பது வருஷம்மா! ஒவ்வொருத்தன் சிரிக்கிறப்பவும் நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். உன்னை!"

"நீ எப்படிக் கேட்டேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?" இப்ப அம்மாவுக்கும் குரல் ஏறிருச்சு. "பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தே. ஒரு வார்த்தை கேக்கல. என் தலையிலேர்ந்து சீப்பைப் பிடுங்கி அடுப்புல போட்டே. முடியோட வந்துச்சு. ஏம்மா உன்னைப் பத்திப் பாடுறாங்க, என்ன விஷயம்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டி. நீ கேக்க வரல. தீர்ப்பு சொல்ல வந்தே. அதுக்கப்புறம் நான் எதுக்கு உனக்குச் சொல்லணும்? எவன் என்ன பாடினாலும் எனக்கு வலிக்கல. அந்தச் சீப்பு வலிச்சுது."

ஊசியக்காவுக்கு வாயில ஊசி இல்ல. யார் மேல கோபப்படுறதுன்னு தெரியாம, மடிச்ச விரிப்பை இடுக்கிக்கிட்டு நின்னா. தன் மேலயே கோபப்பட்டு அவளுக்குப் பழக்கம் இல்ல. அப்புறம் விரிப்பைப் பையில போட்டுக்கிட்டு,

"நாளைக்கு என்கூட ஒரு எடத்துக்கு வரணும். மூணு மாடி"ன்னா.

"லிப்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப மெதுவா ஏறலாம்."

மறுநாள் மூணு மாடி ஏற அரை மணி நேரம் ஆச்சு. ஊசியக்கா பையில விரிப்பு. ரெக்கார்டர் சார் அம்மாவைப் பார்த்ததும் கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னார். அம்மா அவரை மேலயும் கீழயும் பார்த்தா.

"இவரா? ஒல்லியா இருக்காரு. பிடிப்பாரா? இந்தா ராசா, அந்த முனையைப் பிடி."

ரெக்கார்டரை ஓடவிட்டுட்டு அவர் பிடிச்சார். அம்மா பாடிக்கிட்டே மடிக்கச் சொல்லிக் குடுத்தா. "கட்டை விரலை உள்ளே வை. அய்ய, தொட்டிலா கட்டுறே? விறைப்பா இழு." மூணாவது வரி முடிஞ்சு, நடந்து வந்து, மூக்கோட மூக்கு நின்னு, அவர் காதுல சொன்னா. அவர் காது மடல் சிவந்துச்சு. ஓடிப்போய் ரெக்கார்டரைத் திருப்பிப் போட்டார். மூணு வரி இருந்துச்சு. அப்புறம் காலடிச் சத்தம், துணி உரசுற சத்தம், அம்மா சிரிப்பு. அவ்வளவுதான்.

அவர் தொப்புனு உக்காந்தார். "ஒன்பது ஊரு. ஒவ்வொரு ஊர்லயும் நாற்காலியைப் போட்டு ஒரு ஆளை உக்காரவச்சுப் பாடச் சொன்னேன். அதுவும் பெரும்பாலும் ஆம்பளைங்களை. வேலை செய்யுறப்ப ஒரு தடவைகூடக் கேக்கல." அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா... நீங்க சொன்ன பேரு, அவரேதானா? எனக்கு சாட்சி சொன்னவரா?"

"போடுங்க அவர் பேரை!" ஊசியக்கா மேஜையைத் தட்டினா. "எங்கம்மா பேரை வெட்டுங்க, அந்த எடத்துல அந்தாளு பேரைப் போடுங்க. சிடியில அவரே பாடியிருக்கார்ல, புஸ்தகத்துல அவரே படிக்கட்டும்."

"போடக் கூடாது," அம்மா சொன்னா.

"அம்மா!"

"அவன் பேரைப் போட்டா அவன் ஒருத்தன்தான் திருடன், மத்தவனெல்லாம் யோக்கியன்னு ஆயிரும். மேனேஜருக்கு எடம் எங்க? நாளைக்கு வரப்போறவனுக்கு எடம் எங்க? அந்த வரி காலியாத்தான் இருக்கும் ராசா. காலியாவே அச்சடி."

ரெக்கார்டர் சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். நடத்தை கெட்டவர்னு இருந்த அடிக்குறிப்பை முழுசா அடிச்சார். பாட்டுல நாலாவது வரியை அடிச்சுட்டு வரிசையாப் புள்ளி வச்சார். விரிப்பு மடிக்கிற விதத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தர்றேன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஆனா டிரைவருங்க பாடுறதும் ஒரு வடிவம். அது இல்லவே இல்லைன்னு நான் எழுத முடியாது அக்கா. பொய்யாயிரும். வேணா பேரை மட்டும் மறைச்சு, ஏதோ ஒருத்தின்னு போட்டுடுறேன்"னார்.

ஊசியக்கா வாயைத் திறக்குறதுக்குள்ள அம்மா விரலை நீட்டிட்டா.

"எதுக்கு மறைக்கணும்? நான் என்ன ஓடிப்போனவளா? அவனுங்க பாட்டும் இருக்கட்டும், அவனுங்க எதுக்குப் பாடினானுங்கன்னு கீழ எழுது. என் பேரும் இருக்கட்டும். ஆனா அங்க இல்ல. இங்க." தாளோட உச்சியில, பாடியவர்னு போட்டு ஸ்டியரிங் மாமா பேரு இருந்த எடத்தை விரலால குத்தினா. "இதை அடி. என் பேரைப் போடு. சீப்புக்காரி. லாண்டரில மடிப்பு வேலை. முப்பத்தோரு வருஷம்."

அவர் அடிச்சார். எழுதினார். எழுத்து கோழிக் கிறுக்கலா இருந்துச்சு.

ஊசியக்கா தாளைப் பிடுங்கி வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா. மூக்கு விடைச்சிருந்துச்சு, கண்ணு கலங்கியிருந்துச்சு, கோபம் இன்னும் எறங்கல. தாளைத் திரும்ப மேஜையில வச்சு அழுத்தினா.

"அச்சுக் கோக்குறவனுக்கு இது எப்படித் தெரியும்? இன்னும் பெருசா எழுதுங்க."